கஸ்பர் வீட்டுக் கரிக்கோச்சி

நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே பிறந்த ஆள் ஒருவர் உண்டென்றால் அது கஸ்பர்தான். இலங்கை மலைநாட்டில், ரொசல்லைக்கு மேலே உள்ள தோட்டத்தில், தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளித் தள்ளியே கிழவராகிவிட்டார். வேலையை விட்டு நின்ற பிறகாவது மனுசன் நெருப்பை மறந்தாரா? இல்லை. மகள் பிரேமினி விட்டுப்போன, கண்ணாடி கீறிய போனில் வெள்ளைக்காரன் நாட்டுப் பழைய ரயில் படங்களைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் கறுப்பு வெள்ளை. கதையும் கிடையாது, பாட்டும் கிடையாது. ஒருவன் சவலால் கரி அள்ளிப் போடுவான், இன்னொருவன் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பான், பின்னால் ஒரு துரை மூக்கால் பேசிக்கொண்டே வருவார். துரை பேசுவதில் ஒரு சொல் கஸ்பருக்கு விளங்காது. அதனால் என்ன? எஞ்சினின் அடுப்பு வாய் திறந்ததும் அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே! கரி போடுகிறவன் அதே சவலில் முட்டை பொரித்துத் தின்னுகிற இடம் வந்தால், தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

மனைவி றோசலினுக்குச் சீனி வருத்தத்தால், சர்க்கரை நோயால், இரண்டு கண்ணும் போய்விட்டது. அவளுக்குப் படம் காட்டுவது கஸ்பரின் வாய்தான்.

"இன்னிக்கு எங்கங்க போகுது கோச்சி?" என்பாள். அந்தப் பக்கத்தில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பெயர்.

"ஸ்கொட்லாந்துக்கு. புள்ள, இந்த அநியாயத்தக் கேளு! தண்டவாளத்துக்கு நடுவுல வாய்க்கால் கட்டி வெச்சிருக்கான். கோச்சி ஓடுற ஓட்டத்துலயே தண்ணிய மொண்டுக்கிட்டுப் போகுது."

"நிக்காமயா?"

"நிக்கவே இல்ல!"

"நம்ம லயத்துக்கு ஒரு பைப்பு போட நாதியில்ல. கோச்சிக்கு வாய்க்கால் கேக்குதாக்கும்!"

இருவரும் சிரிப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்த லயத்து வரிசை வீட்டில் சிரிப்பு.

மற்ற நேரமெல்லாம் கஸ்பருக்கு நெஞ்சில் கல். பிரேமினி கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள் என்று றோசலின் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மகள் அங்கே இல்லை. ஏஜென்சிக்காரன் பேச்சைக் கேட்டுக் குவைத்துக்குப் போய்விட்டாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, ரெண்டு வருசத்துல வந்துருவேன்" என்று அழுதாள். கொஞ்ச காலம் அப்பாவிடம் பேசினாள். பிறகு பேச்சு நின்றுபோனது. கஸ்பர் ஏஜென்சிக்கே போய்க் கேட்டார். வேலை செய்த வீட்டை விட்டு ஓடிவிட்டாளாம், எங்கே என்று தெரியாதாம். பெற்ற மகளைப் பற்றி, காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸிலேயே வாய்விட்டு அழுதார். வீட்டுக்குள் நுழையும் முன்னால் முகத்தைக் கழுவிக்கொண்டார். கண் தெரியாதவளிடம் முகத்தை மறைக்க என்ன அவசியம்? அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருந்தார் மனுசன்!

இனி றோசலினிடம் என்ன சொல்லி வைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான், அடைமழையில் மலை சரிந்து, லயத்தை ஒட்டிப் போகிற ரயில் பாதையை மூடியது. ஊரே தலையில் கைவைத்தது. கஸ்பர் மட்டும், மாதா மன்னிக்கட்டும், மூச்சு விட்டார். பிரேமினிக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. கொழும்பிலிருந்து ஏறிவரும் கினிகத்தேனை மலை வளைவுகளில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுப்பாள். இது றோசலினுக்கும் தெரியும்.

"கோச்சி ஓடட்டும் புள்ள, மறுநாளே வந்துருவா" என்றார். மகள் போன் ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்டால், "அந்த வீட்டுக்கார நோனா போன் வெச்சிக்க விடமாட்டாங்களாம்." றோசலின் நம்பினாள். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மகளுக்கென்று எடுத்து வைத்த சட்டைத் துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே காத்திருந்தாள்.

ஒருநாள் படத்தின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார். விசில் காதைப் பிளந்தது. தூங்கிக்கொண்டிருந்த றோசலின் அலறியடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏங்க, கோச்சி! கோச்சி விட்டுட்டாங்க! நம்ம புள்ள வந்துருவா, உலையப் போடுங்க!"

"போன்தான் புள்ள" என்றார். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும், போனைத் தூக்கி அடுப்பில் போடலாமா என்றிருந்தது அவருக்கு.

கஷ்டம் அதோடு விட்டதா? மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு வீரம்மா வந்து சொன்னாள்: "அண்ணே, லைன் சரியாயிருச்சாம். திங்கக்கெழமையிலருந்து கோச்சி ஓடுதாம். அக்காகிட்ட சொல்லவா?"

"சொல்லிறாத தாயி. ஒன் காலுல விழுறேன்."

வீரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று கஸ்பருக்கு ஒரு யோசனை வந்தது. பைத்தியக்கார யோசனைதான், வேறென்ன வரும்? முன்பு காலைக் கோச்சியும் மாலைக் கோச்சியும் போன நேரங்களில் போனைச் சத்தமாக வைத்தார். அவள் திடுக்கிடும்போதெல்லாம் "போன்தான் புள்ள" என்றார். பழகிவிட்டால் உண்மையான கோச்சி வரும்போதும் அதையே சொல்லிவிடலாம் அல்லவா? கரிக்கோச்சிச் சத்தமும் டீசல் கோச்சிச் சத்தமும் ஒன்றா என்று நீங்கள் கேட்பீர்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனவரிடம் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

படத்தில் அன்றும் முட்டை பொரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கோச்சி ஓடிக்கொண்டே தண்ணீர் மொண்டது. அவர் அதைச் சொல்லவில்லை, எங்கே போகிறது என்று அவளும் கேட்கவில்லை. அவருக்கென்று இருந்த ஒரே சந்தோசத்தைத் தன் கையாலேயே நெரித்துவிட்டார்.

திங்கட்கிழமை வந்தது. படத்தைப் போட்டு, போனை றோசலின் மடியிலேயே வைத்தார். "வெச்சிக்க புள்ள, நல்லாக் கேக்கும்." உள்ளே இருக்கப் பயந்து, வெளியே விறகு பிளக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வளைவில் ஹோர்ன் அடித்தது. லயத்துச் சுவர் அதிர்ந்தது, கூரைத் தகரம் கிடுகிடுத்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உண்மையான கோச்சி. கஸ்பர் கோடரியைப் போட்டுவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "போன்தான் புள்ள! போன்தான்!"

கத்திக்கொண்டே உள்ளே ஓடினார். படம் நின்றுபோயிருந்தது. சிக்னல் இல்லை. கரி போடுகிறவன் சவலைத் தூக்கியபடி அப்படியே நிற்க, அவன் முகத்தின் மேல் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமில்லாத அந்தப் போனை றோசலின் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். வெளியே பெட்டி பெட்டியாகக் கோச்சி போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் அடங்கியது.

பிறகு அவள் மடியிலிருந்த சட்டைத் துணியை மெல்ல மடித்தாள். தலையணைக்கு அடியில் வைத்தாள். போனை அவர் நிற்கிற பக்கமாக நீட்டினாள்.

"ஆமாங்க, போன்தான்" என்றாள். "நல்லா ஓடுது. நாளைக்கும் போடுங்க."