தேயிலைப் பெட்டிப் பலகை

கொழுந்து நிறுக்கும் தராசில் எடையைக் குறைத்து ஏமாற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். யாரையும் லேசில் நம்ப மாட்டேன். இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேசன் வேலை பார்த்த காலத்தில், அந்தத் தோட்டத்துத் தச்சாசாரியை நான் கொஞ்சம்கூட நம்பவில்லை.

தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் குளியலறைச் சுவருக்கு டைல் பதிக்கச் சொல்லியிருந்தார்கள். ஷவருக்குப் பின்னால் இருந்தது பலகைத் தடுப்புச் சுவர். எனக்கு முன்னால் இருந்த மேசன் வெறும் பலகையிலேயே சாந்து பூசி டைல் ஒட்டியிருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் எல்லாம் பொலபொலவென்று விழுந்துவிட்டன. துரை அவரை வேலையிலிருந்து நிறுத்திப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிட்டார். வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். பிள்ளையை எங்கே வைத்துப் பெறுவாள் என்ற பயம் எனக்கு.

டைலுக்குப் பின்னால் எதை வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆசாரி வந்தார். அவருடைய மச்சானும் மேசன்தான். பூண்டுலோயாப் பக்கம் வேலையில்லாமல் இருந்தான்.

“தேயிலைப் பெட்டிப் பலகைய அடிச்சிருவோம் தம்பி. கப்பல்ல போற தேயிலைக்கே ஈரம் படாம காக்குது. இந்தச் சொவத்துக்கு ஆகாதா?” என்றார் ஆசாரி.

தோட்டத்தில் எல்லோருக்கும் அந்தப் பெட்டிமேல் அப்படியொரு பக்தி. அரிசி, துணி, கல்யாணப் பட்டு எல்லாம் அதற்குள்தான். ஆனால் டைல் விழுந்தால் பழி மேசனுக்கு, ஆசாரிக்கு இல்லை. எனக்குச் சுருக்கென்றது. ஒரு துண்டுப் பலகையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் அது உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. எடுத்து ஆசாரியின் முன்னால் போட்டேன். காலால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மச்சானுக்கு என் இடத்தைப் பிடித்துக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சுவர்ப் பலகைமேல் ஈரம் இறங்காமல் தார்த்தாள் விரித்தேன். அதன்மேல் கம்பிவலையை இழுத்து ஆணி அடித்தேன். வலை பிடித்து நின்றால்தான் அதில் பூசும் சிமெந்துச் சாந்து நிற்கும், சாந்து நின்றால்தான் டைல் நிற்கும். அடித்து முடித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் வலையில் நான் அடிக்காத ஆணிகள். நீளமான, தலை பெருத்த ஆணிகள், மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக. ஆசாரியின் வேலைதான் இது. சுவருக்குள்ளே போகும் தண்ணீர்க் குழாயில் ஓட்டை போட்டுவிட்டான் பாவி என்று, வலையைப் பிய்க்க இரண்டு கையாலும் இழுத்தேன். நான் அடித்த ஆணிகள் கையோடு வந்தன. மற்றவை அசையவில்லை.

ஆசாரி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“ஒன் ஆணி வெறும் பலகையிலதான் நின்னுச்சு. பலகைக்குப் பின்னால தாங்குற கட்டை எங்கெங்க நிக்கிதுன்னு எனக்குத்தான் தெரியும். இந்தச் சொவத்த அடிச்சதே நான்தானே.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஆசாரியாரே” என்றேன்.

“சொன்னா நம்பியிருப்பியா?”

 குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கேட்டேன்.

அந்த டைல்கள் விழவில்லை. என் மகள் அதே காம்பராவில்தான் பிறந்தாள். ஆசாரி தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு தொட்டில் செய்து கொண்டுவந்து வைத்தார். நாலு பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை அதில் போட்டேன்.