கடைசி சைக்கிள்

புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்குப் பணம் திரட்ட, சாந்தோமிலிருந்து தரங்கம்பாடி வரை வருடாவருடம் நூறு பேர் மூன்று நாள் சைக்கிள் மிதிப்பார்கள். முன்னால் போகிறவர்களுக்கு மாலை, வீடியோ, இளநீர் என்று ஒரே அமர்க்களம். கிளிஃபர்ட் சாரைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. பதினோரு வருடமாக அவர்தான் கடைசி சைக்கிள். தொடை பிடித்தவரோ, செயின் அறுந்தவரோ, யாரையும் அவர் தாண்டிப் போகக் கூடாது. அதுதான் வேலை. ஒருவரைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை.

மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மர்சலினுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ஹால்ட்டிலும் போன் வந்துவிடும்.

"எல்லாரும் முன்னாடி போய்க்கினு கீறாங்க, சரி. உங்க பின்னாடி யாரு கீறா?"

"நீதான் கீறியே."

வருடாவருடம் இதே பேச்சு. இருவருக்கும் சலித்ததே இல்லை.

போன ஆகஸ்டில் மர்சலின் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்று கிளிஃபர்ட் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார். மறுவாரம் நொச்சிக்குப்பம் ரோட்டோரம் வழக்கம்போல இரண்டு பேருக்கு வஞ்சிரம் வாங்கினார், சமைத்தார், பாதியைக் குப்பையில் போட்டார். துக்கமா என்றால் அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. முப்பத்துநாலு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையா, சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன் மேலேயே வெறுப்பு.

இந்த ஜனவரியில் அவர் வரமாட்டார் என்றே நினைத்தார்கள். வந்தார். வராமல் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

இந்த முறை அவருக்கு வாய்த்தவர் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இசக்கிமுத்து அண்ணாச்சி. நூற்றுப்பத்து கிலோ. மிதித்ததைவிட நின்றதுதான் அதிகம். மாமல்லபுரத்தில் செல்ஃபி, கடப்பாக்கத்தில் நாலு வடை. "சார், என்னைக் கொண்டு சேத்துருவியள்லா?" என்று பத்துத் தடவை கேட்டுவிட்டார். கிளிஃபர்ட் தலையாட்டினார். சவுக்குத் தோப்பு, ஆலம்பரைக் கோட்டை, கடல் எதுவும் அவர் கண்ணில் ஏறவில்லை. அண்ணாச்சியின் முதுகைப் பார்த்தபடி மிதித்தார்.

மரக்காணம் உப்பளத்தருகே டீ ஹால்ட். பழக்கதோஷத்தில் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். அது அடிக்கவில்லை. அண்ணாச்சி கிளம்பிவிட்டார். கிளிஃபர்டுக்குக் கால் நகரவில்லை. அந்தப் பெரிய முதுகு சின்னதாகி வளைவில் மறைந்தது. கடைசி ஆள் நின்றுபோனால் கேட்க நாதியில்லை. அவருக்கே அது அப்போதுதான் உறைத்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு உப்புக் குவியலோரம் உட்கார்ந்தார். இங்கேயே இருந்துவிட்டால்தான் என்ன?

அரைமணி நேரம் ஆகியிருக்கும். எதிர்த்திசையில் மூச்சிரைக்க அண்ணாச்சி வந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் திரும்பி மிதித்திருக்கிறார், மகராசன்!

"என்ன சார் இப்படி உக்காந்துட்டிய? பின்னால சத்தத்தையே காணோமேன்னு திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். பயந்துட்டேன்லா."

"என்னால முடியல அண்ணாச்சி. நீங்க போங்க. நான் வேனுக்குப் போன் பண்ணிக்கிறேன்."

"அதெல்லாம் ஆவாது. எந்திரிங்க. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன்."

"ரூல்ஸ் அப்படி இல்லையே."

"ரூல்ஸாவது மண்ணாவது! ஒங்களுக்குப் பின்னால ஒரு ஆள் வேண்டாமா?"

கிளிஃபர்ட் சைக்கிளை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் முதுகுக்குப் பின்னால் சக்கரச் சத்தம் கேட்டது. கூடவே அண்ணாச்சியின் இரைப்பும். அரை கிலோமீட்டர் போவதற்குள் ரோடு கலங்கித் தெரிந்தது. மர்சலின் இல்லை. இனி போன் வராது. ஐந்து மாதமாக வராத அழுகை வாய்விட்டே வந்தது.

"சார், நிக்கணுமா?" பின்னாலிருந்து அண்ணாச்சி கத்தினார்.

"வேணாம்," என்றார் கிளிஃபர்ட், மிதித்துக்கொண்டே. "பின்னாடியே வாங்க."