எடைமேடையில் நான் அழித்த பட்டியல்

“எடை புரோகிராம் திறக்கவே மாட்டேங்குது தம்பி” என்று போன் வந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரவை மார்க்கெட்டுக்குப் பக்கத்து எடைமேடை அது. ரசீது அச்சடிக்கும் எங்கள் சாஃப்ட்வேரை முந்தின நாள்தான் அங்கே நிறுவிவிட்டு வந்திருந்தேன்.

போனால், எழுமலையிலிருந்து தக்காளி ஏற்றி வந்த வண்டிகள் வெயிலில் வரிசையாக நின்றன. ஆபரேட்டர் செல்வியிடம், டிரைவர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

“நீங்கதான் எதையாச்சும் நோண்டியிருப்பீங்கக்கா! நான் போட்டுக் குடுத்தப்ப நல்லாத்தான ஓடுச்சு?”

அவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “போன தடவ வந்தவரும் இப்படித்தான் கெடுத்துட்டுப் போனாரு. அதுல இருந்து யாரு கைவச்சாலும் முன்னாடியே செட்டிங்க போட்டோ எடுத்து வச்சிருவேன். பாருங்க!”

எந்தெந்த ஃபோல்டரில் புரோகிராம்களைத் தேட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் ‘பாத்’ பட்டியல் அது. போட்டோவில் ஒன்பது வரிகள். கம்ப்யூட்டரில் இப்போது ஒரே வரி, எங்களுடையது. கடைசியில் சேர்க்க வேண்டியதை, நான் எழுதிய இன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட் பழையதையெல்லாம் அழித்துவிட்டு எழுதியிருந்தது. எடை புரோகிராமுக்கான வரியும் அதோடு போயிருந்தது.

அவர் போட்டோவைப் பார்த்து வாசிக்க வாசிக்க, நான் தட்டினேன். எடை வந்தது. வண்டிகள் நகர்ந்தன.

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் நான் கத்தியது வரிசையில் நின்ற கடைசி டிரைவர் வரைக்கும் கேட்டது. மன்னிப்பு செல்வியின் காதுக்கு மட்டும்தான். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.