பாட்டுக்கு நடுவில் ஒரு ஆரன்

சுத்தம் செய்தாகிவிட்டது என்று கம்ப்யூட்டரில் எழுத்து வந்தது. மகன் படித்துச் சொன்னான். எனக்கு இங்கிலீஷ் வராது, எட்டாவதோடு சரி. சுத்தம் செய்யச் சொல்லி நான் கேட்கவே இல்லை. என் கையில் சீடியின் காலி டப்பா இருந்தது. மூலையில் வெள்ளைக் கல்மாவு ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். டீசல் வாசம் போய்விட்டது, கல் வாசம் அப்படியே இருந்தது.

கல்லுக்கு ஏது வாசம் என்பீர்கள். போர்க்கிணறு போட்டவனைக் கேளுங்கள். ஐந்நூறு அடிக்குக் கீழேயிருந்து வரும் மாவுக்குப் பட்டாசு வெடித்த இடத்தின் வாசம் இருக்கும். சோற்றில் இருக்கும், போர்வையில் இருக்கும். பாட்டு டப்பாவுக்குள் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

திருச்செங்கோட்டில் கிளம்பினால் ஆந்திரா, மகாராஷ்டிரா என்று மாதக்கணக்கில் போவோம். முன்னால் போகிற, துளை போடும் ரிக் வண்டி எனக்கு. குழாய் ஏற்றிப் பின்னால் வரும் லாரி ராசுவுக்கு. இருவரும் மோகனூர்ப் பக்கம். அவன் என் அத்தை மகன். அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள.

கேசட் போய் சீடி வந்த சமயம். வழிக்குப் பாட்டு வேண்டும் என்று நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அங்கே சுமதி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். பாட்டுச் சேர்க்க இரண்டு சாஃப்ட்வேர் இருக்கிறது, எது வேண்டும் என்றாள்.

"இதுல போட்டா ஒரு பாட்டு முடியறதுக்குள்ள அடுத்தது மெல்ல ஏறி வருமுங்க. நடுவுல காலியே இருக்காது."

"ஒண்ணு போயிட்டிருக்கறப்பவே இன்னொன்னு ஏறி வந்தா அது ஓவர்டேக்குங்க," என்றான் ராசு. "எங்களுக்கு ஆவாதுங்க."

"அப்ப இன்னொன்னுங்க. நடுவுல எடம் உடலாம். மைக்குல பேசிச் சேத்துக்கலாம்."

அதையே எடுத்துக்கொண்டோம். மத்தியான வெயிலில் வண்டி ஓட்டும்போதுதான் கண் சொருகும். என் சீடியில் அவன் குரல், அவன் சீடியில் என் குரல். திட்டுகிறவன் மாதிரி மைக்கின்மேல் குனிந்து, "மாப்ள, முழிச்சிருக்கறயா?" என்றான். பின்னாலேயே அவன் லாரி ஆரன். மைக் ஒயர் வாசல் வரை எட்டவில்லை. லாரியையே கடை வாசலில் ஏற்றி நிறுத்தி அடித்தான். அவன் சீடிக்கு நானும் அப்படியே அடித்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் வைததும் சேர்ந்து பதிந்துவிட்டது.

"அதை எடுத்தறட்டுங்களா?" என்று சுமதி கேட்டாள்.

"இருக்கட்டும் சாமி, வழித்துணைக்கு ஆவும்," என்றான் ராசு.

கவனியுங்கள், அவள் கேட்டாள்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கிளம்பும்போது இருவரும் ஜன்னலில் கை காட்டி, ஒரே நேரத்தில் பாட்டைப் போட்டோம். முதல் பாட்டு முடிந்தது. குரல் வந்தது, ஆரன் வந்தது. ராசு முந்தப் பார்க்கிறான் என்று நான் இண்டிகேட்டர் போட்டு இடது பக்கம் ஒதுங்கிவிட்டேன். அவன் சீடியில் என் ஆரன். அவனும் ஒதுங்கினான். இரண்டு வண்டியும் ரோட்டோரம் நின்றன.

"ஏண்டா நிறுத்துன?"

"நீதானடா ஆரன் அடிச்ச?"

"நான் எங்கடா அடிச்சேன்? நீதான் அடிச்ச!"

அப்புறம்தான் விளங்கியது. அதற்குப் பிறகும் பல வருசம், அந்த ஆரன் வந்தால் என் கை இண்டிகேட்டருக்குத்தான் போகும்.

போன வருசம் ராசுவுக்குத் தொண்டையில் புற்று. சேலத்தில் அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தான், பேச்சு இல்லை. இப்போது போனில் எழுதிக் காட்டுகிறான். பழைய ரோட்டில் கர்னூல் வரை காரில் ஒரு தடவை போய் வரலாம் என்றேன். தலையாட்டிவிட்டு எழுதினான்: "சீடி இருக்குதா?"

"இருக்குது. கேக்க வெக்கறேன்," என்றேன். சொன்னது நான்.

காரில் சீடி போட இடமில்லை. பாட்டையெல்லாம் பென்டிரைவில் ஏற்ற வேண்டும் என்றான் மகன். மூன்று சாஃப்ட்வேர் பார்த்தான். ஒன்று என் போன் நம்பரையும் பிறந்த தேதியையும் கேட்டது. பாட்டுக் கேட்க நான் எப்போது பிறந்தால் என்ன? இன்னொன்று நடுநடுவே தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டது. மூன்றாவது நல்லது, எல்லாம் தானே செய்யும் என்றான்.

தானே செய்துவிட்டது. பாட்டு எல்லாம் புதுசு போலப் பளிச்சென்று இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. குரல் இல்லை, ஆரன் இல்லை. டீக்கடைக்காரரும் இல்லை.

"நாய்ஸுன்னு, எரைச்சலுன்னு நெனச்சு எடுத்துருச்சுங்கப்பா."

"ஆரு நெனச்சது?"

மகன் கம்ப்யூட்டரைக் காட்டினான். சீடியிலிருந்து நேராக அதற்குள்தான் ஏற்றியிருந்தான், தனியாக எடுத்து வைக்கவில்லை. மறுபடி சீடியைப் போட்டோம். மேல்பூச்சு உரிந்த சீடி அது. கரகரவென்று சுற்றிவிட்டு வெளியே வந்துவிட்டது. நாலு கடையில் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு மனுசன் செய்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். இதில் எதைப் பிடிப்பது? கேட்காமல் எடுப்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

போன வாரம் கிளம்பினோம். ராசு பக்கத்தில் உட்கார்ந்தான். ஏறியதும் சொல்லிவிட்டேன்.

"மாப்ள, உன்ற பேச்சு அழிஞ்சு போச்சு."

வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ராசிபுரம் தாண்டியதும் பாட்டைப் போட்டேன். முதல் பாட்டு முடிந்தது. நடுவில் வெறும் அமைதி. ராசுவின் கை நீண்டு வந்து என் ஸ்டீயரிங்கில் ஆரனை அமுக்கியது.

கார் இடது பக்கம் ஒதுங்கிவிட்டது. பின்னால் யாரும் இல்லை. ராசு சிரித்தான். தோள் மட்டும் குலுங்கியது.

"முழிச்சிருக்கறேண்டா," என்றேன்.

ஆரனை அவன் அடித்துக் கொடுத்துவிட்டான். அதற்கு முன்னால் இரண்டு சொல் இருந்தது. அது இனி எங்கேயும் இல்லை. இரைச்சலாம்.