கடைசித் தாளில் இருந்த நிலம்

குரும்பலூர் பிச்சைமுத்து கெட்டவர் இல்லை, கெட்டிக்காரரும் இல்லை. சின்ன வெங்காயத்தைக் கடனுக்கு வாங்கி, கீற்றுக் கூரைப் பட்டறையில் குவித்து, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்பார். ஏழெட்டு வருடம் அதில் நன்றாகவே பிழைத்தார். எழுபத்தேழாம் வருடம் ஐப்பசியில் விடாமல் பெய்த மழையில் பட்டறை எல்லாம் அழுகித் தெருவே நாறியது. வெங்காயம் கொடுத்த குடியானவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். கடைசியில் அரியலூருக்கு பஸ் ஏறி வக்கீல் அரங்கநாதனிடம் போனார். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாம் என்றார் வக்கீல். கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் சொல்லி, இருக்கிற சொத்தை ஒப்படைத்துவிட்டு மூச்சு விடுகிற வழி அது.

மனுவை டைப் அடித்ததும் வக்கீல் ஒரு நகலைக் கையில் கொடுத்தார்.

"கொண்டுபோயி நிதானமா படிங்க. நானும் குமாஸ்தாவும் மனுசங்கதான், தப்பு வரும். தாக்கல் பண்ணினப்புறம் வந்து தலையைச் சொறியக் கூடாது."

பிச்சைமுத்துவின் மனைவி சம்பூர்ணம் எட்டாவது வரை படித்தவள். குடும்பத்தில் எது யாருடையது என்பது அவளுக்குத்தான் அத்துப்படி. "குடுங்க, நானும் ஒரு பார்வை பாக்கறேன்" என்று கை நீட்டினாள். பிச்சைமுத்து கொடுக்கவில்லை. கருமாதிக் கடுதாசி வந்தால் வீட்டுக்குள் வைக்காமல், படித்த கையோடு கிழித்துப் போடுகிற ஊர் அது. இதுவும் அந்த ஜாதிக் கடுதாசிதான் என்று அவர் மனது முடிவு கட்டிவிட்டது.

"இது வூட்டுக்குள்ள வரக்கூடாது. புள்ளைங்க இருக்கற வூடு" என்று சொல்லி, காலிப் பட்டறையின் கூரையில் செருகி வைத்தார். நல்ல சாஸ்திரம்! கடன் வீட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்றபோது வராத தீட்டு, தாளில் ஏறியதும் வந்துவிட்டது.

மறுநாள் பட்டறை ஓரத்தில் தனியாக உட்கார்ந்து படித்தார். கடன் கொடுத்தவர்களின் பட்டியலில் ஒவ்வொரு பேரும் ஒரு முகமாக எழுந்து வந்தது. கூசிக் கூசிப் படித்தார். அதிலும் ஒரு தப்பைப் பிடித்தார். எறையூர்க்காரர் ஒருவருக்குத் தரவேண்டியதில் பாதியைத்தான் போட்டிருந்தார்கள். பேசாமல் இருந்தால் கேட்பார் யாருமில்லை. ஆனாலும் பென்சிலால் முழுத்தொகையை எழுதினார். அதோடு அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசித் தாள் சொத்து விவரம். நம் சொத்து நமக்குத் தெரியாதா என்று அதைத் திருப்பவே இல்லை.

அந்தத் தாளில்தான் செல்வம்மாளின் நிலம் இருந்தது.

செல்வம்மாள் அவருடைய அக்கா. கல்யாணமான வேகத்தில் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தவளுக்கு, அப்பா நாலு பேர் முன்னால் ஒரு ஏக்கர் கொல்லையை வாயால் கொடுத்தார். பத்திரம் கிடையாது. அப்பா போனதும் பட்டா தம்பி பேருக்கு வந்து அப்படியே கிடந்தது. அவளே கடலை போட்டு, அவளே பிடுங்கி, யார் கையையும் பார்க்காமல் சாப்பிட்டாள். வக்கீல் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஊர்க் கணக்குப்பிள்ளை பட்டாவைப் பார்த்து எடுத்துக் கொடுத்ததையெல்லாம் பிச்சைமுத்துவின் சொத்தாக அடித்துவிட்டார். பிச்சைமுத்துவும் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

கோர்ட்டு ஆள் வந்து கொல்லையை அளந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. அலறியடித்துக்கொண்டு அரியலூருக்கு ஓடினார். வக்கீலின் முகம் செத்துப்போயிற்று.

"தப்பு என்னுதுதான், இல்லேங்கல. ஆனா படிச்சுப் பாத்தேன், எல்லாம் நெசம்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. நெலம் என்னுதுன்னு அக்காவ வந்து கோர்ட்டுல கேக்கச் சொல்லுங்க. நீங்களும் கூண்டுல ஏறி, நான் குடுத்த விவரம் தப்புன்னு சொல்லணும். கடன் குடுத்தவங்க சும்மா இருக்க மாட்டாங்க. சொத்தை ஒளிக்கிறான், உள்ள போடுங்கன்னு நிப்பாங்க."

பிச்சைமுத்து இதை அக்காவிடம் வந்து சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் நடுங்கியது. அது அவள் காதில் விழுந்துவிட்டது.

"நான் கோர்ட்டுல நின்னு, என் தம்பி பொய்க்கணக்கு குடுத்தான்னு சொல்லணுமாக்கும்? உன்னை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் கடலை புடுங்கவா? போவுது, வுடுடா."

"இல்லக்கா, நான் சொல்லிப் பாக்கறேன்..."

"வுடுன்னா வுடு."

அவர் விட்டுவிட்டார். எழுத்தில் நேர்ந்த தப்பு வக்கீலுடையது; இப்படி விட்ட தப்பு முழுக்க முழுக்க பிச்சைமுத்துவுடையது. அடுத்த வாய்தாவில் சொத்து விவரம் சரிதானா என்று ஜட்ஜ் கேட்டபோது, "சரிங்க" என்றார்.

கொல்லை ஏலம் போயிற்று. செல்வம்மாள் அடுத்தவர் கொல்லைக்குக் களை வெட்டக் கூலிக்குப் போனாள். தம்பி வீட்டுக்கு எப்போதும்போல் வந்தாள், பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு சொல் குத்திக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

எண்பதில் ஒரு நாள் பெரம்பலூர் டீக்கடையில் அங்கமுத்துவைப் பார்த்தார். வெங்காயம் கொடுத்து ஏமாந்தவர்களில் அவரும் ஒருவர். ஏலப் பணத்தில் பங்கு கிடைத்திருந்தது.

"எத்தினியோ பேரு மஞ்சக் கடுதாசி குடுத்துட்டு, சொத்தைப் பொண்டாட்டி பேருல மாத்திட்டுத் திரியறானுவ. நீங்க இருந்ததக் கொண்டாந்து வச்சிட்டீங்க. யோக்கியருங்க நீங்க" என்று டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

பிச்சைமுத்து அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்.

"அது என் சொத்து இல்லீங்க. எங்கக்கா கொல்லைங்க."

அங்கமுத்து சிரித்தார். "அக்கா தம்பின்னா அப்படித்தான் இருக்கணும். தம்பி கடனுக்கு யாரு நெலத்தக் குடுப்பா இந்தக் காலத்துல" என்றபடி பஸ்ஸைப் பார்த்து ஓடினார்.

பிச்சைமுத்து கிளாஸைப் பிடித்தபடி நின்றார். அது என் சொத்து இல்லை: அன்றைக்கு ஜட்ஜ் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இதுதான்.