காயவிட்ட வயல்

நெல்வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டாம், காயவிட்டுப் பாய்ச்சினாலும் விளையும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. நாஞ்சில் நாட்டில் இதைச் சொல்வதைவிட, தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் போய் மீன் தின்னாதே என்று சொல்வது சுலபம்.

அந்த வருடம் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லை நட்ட கையோடு மழை நின்றுவிட்டது. கீரிப்பாறைப் பக்கம் மலையில் மேகம் கட்டும். கீழே ஒரு தூறல் இருக்காது. கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அப்போதுதான் ஒரு ஓடையின் கடைசி வயலுக்குப் போனேன். அதற்கு மேலே இருந்த வயல்கள் எல்லாம் தென்னந்தோப்பாகவோ செம்மண் அடித்த மனையாகவோ மாறியிருந்தன. அந்த ஓடை இப்போது அந்த ஒரு வயலுக்காகத்தான் ஓடியது.

வயல்கார அக்கா ஒற்றையாளாகப் பயிர் வைத்திருந்தார். மகன் துபாயில். இந்தப் பூவும் நட்டமானால் வயலை விற்றுவிடுவது என்று அவன் ஃபோனில் முடிவாகச் சொல்லிவிட்டானாம்.

"வயல வித்துட்டா காலம்பற எந்திரிச்சு நான் எங்க போவேன் மக்கா?" என்று அக்கா கேட்டார்.

சுற்றிலும் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் செங்குத்தாகப் புதைத்துக் கொடுத்தேன். குழாய்க்குள் தண்ணீர் ஒரு சாண் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். மேல்மண் காய்ந்தாலும் வேருக்கு ஈரம் இருக்கும்.

"வயலு வெடிச்சுப் போவுமே?"

"லேசா வெடிக்கும். பயப்படாதீங்கக்கா, வேரு கீழ எறங்கும்."

நான் சொன்னபடியே நடந்தது. முறைத்தண்ணீர் தள்ளிப்போனபோதும் பயிர் வாடவில்லை, தூர் கட்டி நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் அந்த வயலைப் பற்றியே பேசினேன்.

பிறகு ஒருநாள் வரப்பில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல்பை. மனை புரோக்கர் என்று பார்த்ததும் தெரிந்தது. வெடித்த மண்ணைச் செருப்பால் நிமிண்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அளக்கிற டேப்போடு இரண்டு பேரைக் கூட்டி வந்தார்.

அக்கா கேட்டதற்கு, "சும்மாக்கா, பக்கத்து மனைக்கு வழி பாக்கோம்" என்றாராம்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் பக்கம் வயலை மனையாக்க ஒரு முறை உண்டு. எடுத்ததும் மண் அடிக்க மாட்டார்கள். முதலில் தண்ணீர் கட்டுவதை நிறுத்துவார்கள். நாலு பேர் பார்க்க வயல் வெடித்துக் கிடக்கும். அப்புறம் தண்ணீர் ஏறவில்லை என்பார்கள், அப்புறம் லாரி வரும். அதனால் வெடித்த வயலைப் பார்த்தால் இங்கே யாருக்கும் சிக்கனம் தோன்றாது, விற்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். பயிர் நின்றால் என்ன, கருகப் போகிற பயிர்தானே என்று நினைத்துக்கொள்வார்கள்.

மார்கழிக் கடைசியில் பயிர் பொதி கட்டியது, தண்டுக்குள் கதிர் உருண்டது. இனி காயவிடக் கூடாது. கதிர் வந்து பூத்து முடியும்வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். முறைநாள் அன்று காலையில் நானும் அக்காவும் மடையைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். வெயில் ஏறியது, தண்ணீர் வரவில்லை. ஓடையைப் பிடித்து மேலே நடந்தோம். கொஞ்ச தூரத்தில் ஓடையே இல்லை. செம்மண் போட்டு நிரப்பி, மேலே ரோலரும் ஓட்டியிருந்தார்கள்.

ஓடையை மூடிய பக்கத்து மனைக்காரர் அங்கேதான் நின்றார். "கீழ வயலு காஞ்சு கெடக்கு, குடுக்கப் போறாங்கன்னு புரோக்கர் சொன்னாரே. பின்ன ஆருக்கு இந்த ஓட?"

"பயிர் நிக்கது கண்ணுக்குத் தெரியலியா? ஓடைய மூட ஒமக்கு ஆருவே அதிகாரம் தந்தது?" நான் கத்திய கத்தலில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மனிதர் நிஜமாகவே பதறிவிட்டார். தோண்டித் தருகிறேன் என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜேசிபி வந்து தோண்டவும் செய்தது. ஆனால் அதற்குள் முறை வேறு ஓடைக்குப் போய்விட்டது.

அடுத்த முறை வருவதற்குள் கதிர்கள் வெள்ளையாக வெளியே வந்தன. அக்கா ஒன்றை உருவிக் கசக்கி ஊதினார். எல்லாம் பதராகப் பறந்தது. வரப்பில் நின்றபடியே மகனுக்கு ஃபோன் போட்டார்.

"குடுத்துரலாம் மக்கா" என்றார்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் வயலில் இறங்கிக் குழாயைப் பிடுங்கினேன். கரையேறும்போது புரோக்கர் வரப்பில் நின்றார். மரியாதையாகச் சிரித்தார்.

"மேடம், அடுத்தது எந்த வயலுல வைக்கப் போறிய?"

"ஒமக்கு எதுக்கு அது?"

"இல்ல, நீங்க குழா வச்ச வயலெல்லாம் நான் ஒரு சுத்து பாத்துட்டுதான் வாறேன்."