ஆறாம் வேலை நாள்

திருவனந்தபுரத்தில் ஒரு கல்வி அலுவலகத்தின் வராந்தாவில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். பழைய பள்ளிச் சான்றிதழில் ஒரு கையெழுத்து வாங்க நாகர்கோவிலிலிருந்து வந்தவன் நான். என்னைப் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, சீருடை போட்ட ஒன்பது பிள்ளைகள் முறுக்கு தின்கிறார்கள்.

அவர்களைக் கூட்டி வந்திருப்பவர் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தாய். பிள்ளைகளின் தமிழ் வகுப்பை மூடப்போகிறார்களாம். இங்கே பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் தலையை எண்ணித்தான் எந்த வகுப்பு, எந்த ஆசிரியர் தொடரலாம் என்று முடிவு செய்கிறார்கள். அன்று தமிழ் வகுப்பில் ஒரு தலைகூட இல்லையாம்.

"அன்னைக்குப் பிள்ளைங்க எங்க போச்சு?" என்று கேட்கிறேன்.

"ஊர்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழா சாரே. எங்க எல்லாருக்கும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊருதான். மொத்தமா வேன் பிடிச்சுப் போயிட்டோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒரே ஒரு நாளை மட்டும் நம்புகிற அலுவலகம். சரியாக அந்த நாளில் வேன் பிடிக்கிற ஜனங்கள்.

"மனு கொடுத்தும் பதில் இல்ல. அதான் ஆபீசர் கண்ணால பார்க்கட்டும்னு இன்னைக்கு ஸ்கூலுக்கு விடாம எல்லாத்தையும் இங்க கூட்டிட்டு வந்துட்டேன்."

ஒருவழியாக கிளார்க் ஜன்னலில் தலையை நீட்டுகிறார். பிள்ளைகளைப் பார்த்ததும் முகம் சுருங்குகிறது.

"அய்யோ சேச்சி, ஆபீசர் இங்க இல்லல்லோ. நீங்க பராதின்னு மனு எழுதித் தந்தீங்கல்லே? தமிழ் கிளாஸ்ல பிள்ளைங்க உண்டோன்னு எண்ண, காலையிலேயே உங்க ஸ்கூலுக்குப் போயாச்சு."